குதிகால் எலும்பு முறிவும் அறுவைச் சிகிச்சையும்: முடியாத ஒரு நூற்றாண்டு வழக்கு

உயரத்திலிருந்து விழுந்து குதிகால் எலும்பு நொறுங்கிப்போன ஒருவருக்கு, அந்த எலும்பை அறுவைச் சிகிச்சையால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்துவதா, அல்லது வீக்கம் வடிந்து எலும்பு தானாகக் கூடும்வரை காலை ஊன்றாமல் காத்திருப்பதா என்ற கேள்வி, எலும்பு முறிவு மருத்துவத்தில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தீராத வழக்காக இருந்துவருகிறது. தொடை எலும்பின் நடுப்பகுதி முறிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் இன்று மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. குதிகால் எலும்பிலோ, ஒரே ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு தேர்ந்த மருத்துவர்கள் நேர் எதிரான ஆலோசனை சொல்வது இன்றும் நடக்கக்கூடியதே; இருவராலும் தத்தம் பக்கத்துக்கு மதிப்பான ஆய்வுகளைக் காட்டவும் முடியும். அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எந்தக் கால்களை வைத்து எழுதப்பட்டன, எங்கே அவை வலுவிழக்கின்றன என்பவற்றை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

எலும்பின் அமைப்பும் முறிவின் இயல்பும்

மனித உடலில் நிகழும் எல்லா எலும்பு முறிவுகளிலும் குதிகால் எலும்பின் பங்கு ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு மட்டுமே. ஆனால் பாதத்தின் பின்பாதியில் அடுக்கப்பட்டுள்ள ஏழு எலும்புகளில் இதுவே மிகப் பெரியது; அந்த ஏழில் ஏற்படும் முறிவுகளில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த ஒன்றிலேயே ஏற்படுகின்றன. பாதிக்கப்படுவோரில் மிகப் பெரும்பான்மையோர் உழைக்கும் வயதிலுள்ள ஆண்கள். கட்டடச் சாரம், ஏணி, கூரை, மரம் ஆகியவற்றிலிருந்து நின்ற வாக்கில் விழுவதும் சாலை விபத்துமே முதன்மைக் காரணங்கள்.

வெளியே மெல்லிய ஓடும் உள்ளே நுண்துளைகள் நிறைந்த மென்மையான எலும்பும் கொண்டது இந்த எலும்பு. இதன் மேல் அமர்ந்திருப்பது தாலஸ் எனப்படும் கணு எலும்பு. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தை இக்கட்டுரை கணுவடி மூட்டு என்று குறிப்பிடும். கணுக்கால் மூட்டு பாதத்தை மேலும் கீழும் அசைக்கிறது. கணுவடி மூட்டோ பாதத்தை உட்புறமாகவும் வெளிப்புறமாகவும் சாய்க்கிறது. சரளைக் கல்லிலும் சரிவிலும் தடுமாறாமல் நடக்க முடிவது இந்தச் சாய்வசைவால்தான். விழும்போது உடலின் எடை முழுவதும் கணு எலும்பின் வழியாக இறங்க, அது உளியைப் போலக் குதிகால் எலும்புக்குள் இறங்கி அதைப் பிளக்கிறது. மூட்டுப் பரப்பு உள்ளே அமிழ்கிறது, எலும்பின் உயரம் குறைகிறது, வெளிச்சுவர் பக்கவாட்டில் பிதுங்கிக் குதிகால் அகன்றுவிடுகிறது. பிதுங்கிய சுவருக்கும் கணுக்காலின் வெளிமுட்டுக்கும் இடையில் ஓடும் தசைநாண்கள் நசுங்குவதும் உண்டு.

இங்கே ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. குதிகால் எலும்பு கூடாமல் போவது மிக அரிது. இரத்த ஓட்டம் நிறைந்த எலும்பாதலால் எப்படி விட்டாலும் அது கூடிவிடும். ஆகவே நோயாளியும் வீட்டாரும் முதலில் கேட்கும் ‘எலும்பு சேருமா?’ என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் எளிது. வழக்கு முழுவதும் அது எந்த வடிவத்தில் சேரும் என்பதையும், அந்த வடிவம் பிற்கால வாழ்வை எவ்வளவு தீர்மானிக்கும் என்பதையும் பற்றியதே.

எல்லா முறிவுகளும் இந்த வழக்குக்குள் வருவதில்லை. மூட்டுப் பரப்பு விலகாமல் வெறும் விரிசலாக நிற்கும் முறிவுக்கு அறுவைச் சிகிச்சை வேண்டியதில்லை என்பதில் பொதுவான இசைவு இருக்கிறது. அதேபோல், எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்த முறிவிலும், குதிநாண் இழுத்த இழுப்பில் எலும்பின் பின்துண்டு மேலே தூக்கிக்கொண்டு பின்பக்கத் தோலை உள்ளிருந்து அழுத்தும் முறிவிலும் காத்திருக்க இடமில்லை. பின்னதில் சில மணி நேரத் தாமதமே தோலைச் சாகடித்துவிடலாம். இவ்விரு எல்லைகளுக்கும் நடுவில், தோல் கிழியாமல், மூட்டுப் பரப்பு விலகி நிற்கும் முறிவுகளே எண்ணிக்கையில் மிகுதி. விவாதம் அவற்றைப் பற்றியது.

சுத்தியலும் மணல் மூட்டையும்

1908இல் பாஸ்டன் நகரத்தைச் சேர்ந்த காட்டனும் வில்சனும் பரிந்துரைத்த முறையை இன்று படிப்பவர் சற்றே திடுக்கிடக்கூடும். மயக்கம் கொடுக்கப்பட்ட நோயாளியின் பாதத்தை உட்பக்கம் கீழே வருமாறு மணல் மூட்டையின்மேல் கிடத்தி, வெளிப்பக்கத்தில் கனத்த கம்பளித் துணியை வைத்து, அதன்மேல் சுத்தியலால் தட்டிப் பிதுங்கிய வெளிச்சுவரை உள்ளே தள்ளுவது அம்முறை. நோக்கம் நியாயமானதே: அகன்ற குதிகாலைக் குறுக்கினால் தசைநாண்களுக்கு இடம் கிடைக்கும், செருப்போ சப்பாத்தோ நுழையும். ஆனால் அமிழ்ந்துபோன மூட்டுப் பரப்பைச் சுத்தியல் தொடுவதில்லை. காட்டன் பிற்காலத்தில் தம் முறையையே கைவிட்டார். குதிகால் எலும்பு முறிந்த தொழிலாளியின் உழைப்பு வாழ்க்கை அத்துடன் முடிந்தது என்ற பொருளில் 1916இல் அவரும் ஹெண்டர்சனும் எழுதியது, அடுத்த பல பத்தாண்டுகளுக்கு மருத்துவ நூல்களில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டது.

விபத்தில் சிக்கிய தொழிலாளருக்கெனவே வியன்னாவில் மருத்துவமனை நடத்திய லாரன்ஸ் போலர், வடிவம் கெட்டதை அளந்து காட்ட முடியும் என்று நிறுவியவர். 1931இல் அவர் விவரித்த கோணம், பக்கவாட்டு ஊடுகதிர்ப் படத்தில் குதிகால் எலும்பின் மேல்விளிம்பிலுள்ள மூன்று முகடுகளை இணைக்கும் இரு கோடுகளுக்கு இடைப்பட்டது. இயல்பான காலில் அது ஏறத்தாழ 20 முதல் 40 பாகை. எலும்பு அமிழ அமிழ அது குறைந்து, கடும் முறிவில் சுழியத்துக்கும் கீழே போகிறது. போலர் எலும்பில் ஊசிகளைச் செலுத்தி இழுத்து, பக்கவாட்டில் இடுக்கிபோன்ற கருவியால் அழுத்தி, மாவுக்கட்டுப் போட்டார். அவருடைய சிகிச்சை முறை வழக்கொழிந்துவிட்டது. அவருடைய கோணம் இன்றும் ஒவ்வொரு குதிகால் படத்திலும் அளக்கப்படுகிறது.

அடுத்து வந்த இருபதாண்டுகளில் மூன்று விடைகள் ஒன்றையொன்று முந்தின. 1943இல் டொரண்டோவின் காலி, கெட்டுப்போன கணுவடி மூட்டைக் காப்பாற்ற முயல்வதைவிட இரு எலும்புகளையும் ஒன்றாக இணைத்து அசைவற்றதாக்குவதே மேல் என்றார். இதை மூட்டு இணைப்பு என்று சொல்லலாம். 1948இல் சுவீடனின் பால்மர், வெளிப்பக்கம் திறந்து அமிழ்ந்த பரப்பைத் தூக்கி நிறுத்தி, அடியில் உண்டாகும் குழியை வேறிடத்திலிருந்து எடுத்த எலும்பால் நிரப்பினார். பர்மிங்காமின் எசெக்ஸ்-லோப்ரெஸ்தி, முறிவுகளை நாக்கு வகை, மூட்டு அமிழ்வு வகை என இரண்டாகப் பிரித்து, முன்னதற்கு ஊசியும் பின்னதற்குத் திறப்பும் ஏற்றவை எனக் காட்டினார். 35 வயதில் மறைந்த அவருடைய கட்டுரை 1952இல், மறைவுக்குப் பின்னரே அச்சேறியது. ஒரே பெயரில் அழைக்கப்படும் காயம் உண்மையில் பல காயங்கள் என்ற எண்ணம் இங்கேதான் உறுதியாக வேர்விட்டது.

ஆனால் 1958இல் டொரண்டோவின் லிண்ட்சேயும் டியூவரும் நெடுங்காலம் கழித்து நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தபோது, அறுவைக்கு உட்படாதவர்களின் நிலை மற்றவர்களுடையதைவிட மோசமாக இல்லை, சில வகையில் மேலாகவே இருந்தது என்று கண்டனர். அந்த முடிவின் எடை பெரிது. அடுத்த ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆங்கிலம் பேசும் நாடுகளில் குதிகாலைத் திறக்கும் ஆர்வம் தணிந்துகிடந்தது.

ஸ்கேன் திறந்த கதவு

1970களில் பிறந்து 1980களில் பரவிய சி.டி. ஸ்கேன், இந்த எலும்பைப் பொறுத்தவரை, இருட்டறையில் விளக்கேற்றியது போன்றது. சாதாரண ஊடுகதிர்ப் படத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பிய துண்டுகள் குறுக்குவெட்டுப் படத்தில் தனித்தனியே தெரிந்தன. 1993இல் அமெரிக்காவின் ராய் சாண்டர்ஸும் அவருடைய குழுவினரும், கணுவடி மூட்டின் பின்பரப்பு எத்தனை துண்டாகியிருக்கிறது என்பதை வைத்து முறிவுகளை நான்கு வகைகளாக்கினர். முதல் வகையில் துண்டுகள் விலகியிருப்பதில்லை. இரண்டாவதில் பரப்பு இரண்டாகவும் மூன்றாவதில் மூன்றாகவும் பிரிந்திருக்கும். நான்காவது முற்றிலும் நொறுங்கியது. அவர்கள் அறுவைச் சிகிச்சை செய்த 120 முறிவுகளில் இரண்டாம், மூன்றாம் வகைகளில் நல்ல விளைவு பெரும்பான்மையோருக்குக் கிட்டியது. நான்காம் வகையில் பத்தில் ஒருவருக்குக்கூடக் கிட்டவில்லை. இந்த அறுவையில் கை படிவதற்கே பல பத்து நோயாளிகள் தேவைப்படுவர் என்பதையும் அவர்கள் மறைக்காமல் பதிந்தனர். பின்னர் எழுந்த பல சர்ச்சைகளுக்கு இந்த ஒப்புதல் திறவுகோலாக இருப்பதால் அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வகைப்பாடு தெளிவு தந்தது. விடையை அது தரவில்லை. சாண்டர்ஸ் குழுவே 2014இல் வெளியிட்ட 10 முதல் 20 ஆண்டுகள் வரையிலான தொடர் கண்காணிப்பில், 108 முறிவுகளில் ஏறத்தாழ 29 விழுக்காட்டுக்குப் பிற்காலத்தில் மூட்டு இணைப்பு தேவைப்பட்டது தெரியவந்தது. மிகத் தேர்ந்த கைகளிலும், மூட்டுப் பரப்பைச் சீராக அடுக்கிய பிறகும், விழுந்த கணத்தில் நசுங்கிய குருத்தெலும்பு சில ஆண்டுகளில் தேய்ந்துவிடக்கூடும். எலும்பைத் திருத்த முடிகிறது. குருத்தெலும்பைத் திருத்த முடிவதில்லை.

தோல் என்னும் தடை

அறுவைச் சிகிச்சைக்கு எதிரான வலுவான வாதம் எலும்பிலிருந்து வருவதில்லை, தோலிலிருந்து வருகிறது. குதிகாலின் வெளிப்பக்கத்தில் தோலுக்கும் எலும்புக்கும் இடையே சதை மிகக் குறைவு. முறிந்த சில மணி நேரத்தில் அந்தத் தோல் பளபளவென்று இறுகி, நீர்க் கொப்புளங்கள் எழும்பி, உள்ளங்காலில் நீலம் பாரிக்கிறது. அந்த நிலையில் கத்தி வைத்தால் காயம் மூடாது. எனவே ஒன்று முதல் இரண்டு வாரம் காலை உயர்த்தி வைத்து வீக்கம் வடியக் காத்திருப்பது நடைமுறை. எப்போது அறுவைக்குத் தயார் என்பதை அறிய மருத்துவர்கள் நம்பும் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை: பாதத்தை மேலாக மடக்கும்போது வெளிப்பக்கத் தோலில் மெல்லிய சுருக்கங்கள் விழ வேண்டும். சுருக்கம் விழாத கால் இன்னும் காத்திருக்க வேண்டிய கால். அதே வேளையில், மூன்று வாரம் கடந்தால் துண்டுகள் ஒட்டத் தொடங்கிவிடும் என்பதால் காத்திருப்பதற்கும் எல்லை உண்டு.

1990களில் பரவிய வழக்கமான திறப்பு, ஆங்கில எல் எழுத்தைப் போல வளைந்து, தோலையும் அடித்திசுக்களையும் ஒரே மடலாகத் தூக்குவது. எலும்பின் வெளிச்சுவர் முழுவதும் கண்ணுக்குத் தெரிவது அதன் நிறை. மடலின் மூலைக்கு இரத்தம் எட்டாமல் அந்த இடம் கறுத்துப்போவது அதன் குறை. பீடி, சிகரெட் பழக்கமும் சர்க்கரை நோயும் திறந்த காயமும் இந்த ஆபத்தைப் பெருக்குகின்றன; மூன்றும் சேர்ந்தால் ஆபத்து மிக அதிகம் என்று 1999இல் வெளியான 190 முறிவுகளின் பகுப்பாய்வு காட்டியது. அந்தத் தொகுப்பில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குக் காயத்தில் சிக்கல் நேர்ந்தது. ஆழத்தில் சீழ்பிடித்தால் தகட்டை எடுக்க வேண்டிவரலாம். மிக மோசமான சிலருக்குக் காலையே இழக்கும் நிலையும் வந்திருக்கிறது. முறிந்த எலும்போடு வாழ்வதைவிட இது கொடியது என்பதை எந்தத் தரப்பும் மறுப்பதில்லை.

சமவாய்ப்பு ஆய்வுகள் சொன்னவை

யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் ஒதுக்கும் ஆய்வு சமவாய்ப்பு ஆய்வு எனப்படும். குதிகால் வழக்கில் இவ்வகை ஆய்வுகளில் இரண்டு, மற்றவற்றைவிட அதிகமாகப் பேசப்படுகின்றன.

முதலாவது 2002இல் பக்லியும் சக ஆய்வாளர்களும் கனடாவில் நடத்தி வெளியிட்டது. 424 நோயாளிகள், 471 முறிவுகள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது இரு சிகிச்சைகளின் விளைவும் ஒன்றுபோலவே இருந்தது. ஆனால் குழுக்களாகப் பிரித்துப் பார்த்தபோது படம் மாறியது: பெண்களும், இளையவர்களும், இலகுவான வேலை செய்பவர்களும், தொழிலாளர் இழப்பீடு பெறாதவர்களும் அறுவைச் சிகிச்சையால் கூடுதல் பயன் பெற்றதாகத் தெரிந்தது. அறுவை செய்யாமல் விடப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் மூட்டு இணைப்புத் தேவைப்படும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் அதிகமாக இருந்ததாக அதே தரவிலிருந்து அடுத்த ஆண்டு வெளியான கட்டுரை கூறியது.

இரண்டாவது, 2014இல் பிரிட்டனில் கிரிஃபினும் சக ஆய்வாளர்களும் 22 மருத்துவமனைகளில் 151 நோயாளிகளைக் கொண்டு நடத்தியது. இரண்டு ஆண்டு முடிவில், வலி, வேலை, நடை ஆகியவற்றை நூறு மதிப்பெண்ணில் அளக்கும் அளவுகோலில் அறுவைக் குழு சராசரியாக 69.8, மற்றக் குழு 65.7 பெற்றன; இது தற்செயலாக எழக்கூடிய வேறுபாடே எனக் கணக்கிடப்பட்டது. சிக்கல்களோ முன்னதில் 23 விழுக்காடு, பின்னதில் 4 விழுக்காடு. வழக்கமாக எல்லோருக்கும் அறுவை செய்வதை இந்தச் சான்று ஆதரிக்கவில்லை என்று ஆய்வாளர்கள் முடிவுகூறினர். பிரிட்டனில் பல மருத்துவமனைகளின் நடைமுறையை அது மாற்றியது.

எதிர்வாதங்களும் உடனே எழுந்தன. அவை புறந்தள்ளத்தக்கவை அல்ல. தகுதியுடைய நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவானவர்களே குலுக்கலுக்கு இசைந்தனர். குதிகால் மிகவும் பிதுங்கி உருக்குலைந்தவர்கள், அதாவது அறுவையால் அதிகப் பயன் பெறக்கூடியவர்கள் என்று பலரால் கருதப்படுவோர், தொடக்கத்திலேயே விலக்கப்பட்டனர். 22 மருத்துவமனைகளுக்குப் பங்கிட்டால் ஓர் இடத்தில் நடந்த அறுவைகள் மிகச் சில. கை படியவே பல பத்து நோயாளிகள் வேண்டும் என்ற 1993ஆம் ஆண்டின் எச்சரிக்கையோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூட்டுத் தேய்வு முற்றுவதற்கு இரண்டு ஆண்டுகள் போதாது என்பது மற்றொரு வாதம். இதற்கு ஓரளவு வலுச் சேர்ப்பது 2013இல் சுவீடனில் ஆக்ரன் குழு வெளியிட்ட 82 நோயாளிகளின் ஆய்வு: ஓராண்டில் இரு குழுக்களுக்கும் வேறுபாடில்லை; 8 முதல் 12 ஆண்டுகளில் அறுவைக் குழுவின் பக்கம் தட்டு சற்றே சாய்ந்தது, மூட்டுத் தேய்வும் குறைவாக இருந்தது. ஆனால் எண்ணிக்கை சிறியது என்பதால் அந்தச் சாய்வை உறுதியான தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2013, 2023 மதிப்பாய்வுகள் இரண்டுமே கையிலுள்ள சான்றின் உறுதி குறைவு என்றே கூறின.

பிரிட்டன் ஆய்வு இந்த அறுவையை மிகுதியாகச் செய்யும் ஒரு சில மையங்களில் மட்டும் நடந்திருந்தால் வேறு விடை கிடைத்திருக்குமோ என்று கேட்பது நியாயம். ஆனால் நோயாளிகளில் பெரும்பாலோர் விழுந்த இடத்துக்கு அருகிலுள்ள மருத்துவமனைக்குத்தான் போகிறார்கள். மிகச் சிறந்த கைகளால் என்ன முடியும் என்பது ஒரு கேள்வி. கிடைக்கும் கைகளால் என்ன நடக்கும் என்பது வேறொரு கேள்வி. இரண்டு தரப்பும் பல நேரங்களில் ஒன்றுக்கொன்று பதில் சொல்லாமல் தத்தம் கேள்விக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தன.

இழப்பீடு பெறுபவர் என்ற அடையாளம்

கனடிய ஆய்வில் இழப்பீடு பெற்றவர்களுக்கு எந்தச் சிகிச்சையாலும் நல்ல விளைவு கிடைக்கவில்லை என்ற முடிவு பிற்காலப் பாடநூல்களில் சுருக்கமாக ஏறிவிட்டது. சுருக்கத்தில் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது. பணத்துக்காக வலியைப் பெரிதாக்கிச் சொல்கிறார்கள் என்ற ஐயத்துக்கு அது இடம் தருகிறது. ஆனால் வேலையில் அடிபட்டு இழப்பீடு பெறுபவர் யார்? சாரத்தில் நின்றவர், சுமை தூக்கியவர், கூரை வேய்ந்தவர். அவர் திரும்பிப் போக வேண்டிய வேலையும் அதுவே. மேசைக்கு முன்னால் அமர்ந்து வேலை செய்பவருக்கு நல்ல விளைவாகத் தெரியும் கால், நாள் முழுவதும் கான்கிரீட்டில் நிற்க வேண்டியவருக்குத் தோல்வியாகத் தெரிவதில் வியப்பில்லை. கடும் உழைப்பும் இழப்பீடும் ஒரே மனிதரிடம் பின்னிக்கிடக்கையில், இரண்டில் எது விளைவைக் கெடுத்தது என்று பிரித்துச் சொல்லும் வலு அந்தத் தரவுக்கு இருப்பதாகத் தெரியவில்லை. அறுவை செய்தும் பயனில்லை என்று ஒரு தொழிலாளியைத் திருப்பி அனுப்ப இந்த ஒரு முடிவைச் சான்றாக்குவது தவறு.

கூடும் காலம்

இரு வழிகளிலும் குணமாகும் பாதையின் பெரும்பகுதி ஒன்றே என்பது விவாதத்தின் வேகத்தில் மறக்கப்படுகிறது. அறுவை செய்துகொண்டவரும் செய்துகொள்ளாதவரும் பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் வரை முறிந்த காலைத் தரையில் ஊன்றக் கூடாது. முதல் நாள்களில் காலை நெஞ்சின் மட்டத்துக்கு உயர்த்தி வைப்பதே மருந்துக்கு நிகரான சிகிச்சை. உள்ளே இறுக்கம் மிகுந்து, மாத்திரைக்கு அடங்காத வலியும் விரல்களை அசைத்தால் துடிப்பும் வந்தால், அது பாதத்தின் தசை அறைகளில் அழுத்தம் ஏறுவதன் அறிகுறியாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் விரல்கள் பின்னாளில் கொக்கிபோல் மடங்கிவிடும். உயரத்திலிருந்து விழுந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருக்கக்கூடும் என்பதால், கால் வலியின் பெருக்கத்தில் முதுகு வலி கவனிக்கப்படாமல் போய்விடாதபடி பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பலர் இந்த முதல் நாள்களில் புத்தூர் கட்டு போன்ற மரபுக் கட்டுகளை நாடுவது வழக்கம். குதிகாலைப் பொறுத்தவரை இதில் தெளிவான ஓர் ஆபத்து உண்டு. வீங்கிக்கொண்டிருக்கும் பாதத்தை இறுகக் கட்டினால் கொப்புளமும் தோல் அழுகலும் நேரலாம்; பிறகு அறுவை வேண்டுமென்று முடிவெடுத்தாலும் அதற்கேற்ற தோல் எஞ்சியிருக்காது. எலும்பு கூடியதைக் கட்டின் வெற்றியாகக் காண்பதும் பிழையே, ஏனெனில் இந்த எலும்பு கட்டில்லாமலும் கூடியிருக்கும்.

வீக்கம் குறைந்ததும் கணுக்காலையும் விரல்களையும் அசைக்கத் தொடங்குவதே இன்றைய பொது அறிவுரை. மூன்று மாதம் கழித்து வாக்கரோடும் ஊன்றுகோலோடும் பாரத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி நடக்கத் தொடங்குகையில் வீக்கம் மாலைதோறும் திரும்பி வரும். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடிகள் விறைத்து வலிக்கும். முன்னேற்றம் ஓராண்டு முழுவதும், சிலருக்கு இரண்டாண்டு வரையும் தொடர்கிறது. ஆறாம் மாதத்தில் இருக்கும் நிலையையே முடிந்த முடிவாக எண்ணி மனமுடைவதற்குக் காரணமில்லை. ஆனால் பழைய கால் அப்படியே திரும்பிவிடும் என்ற உறுதியை இரு தரப்பு மருத்துவர்களும் தருவதில்லை. பக்கவாட்டுச் சாய்வசைவில் ஒரு பகுதி பலருக்கு நிரந்தரமாகக் குறைந்துவிடுகிறது.

எந்தத் தரைக்கான கால்?

இதுவரை சொல்லப்பட்ட சமவாய்ப்பு ஆய்வுகள் அனைத்தும் கனடா, பிரிட்டன், சுவீடன் ஆகிய நாடுகளில் நடந்தவை. அவற்றில் விளைவு என்று கொள்ளப்பட்டவை அங்குள்ள வாழ்க்கையின் தேவைகளே. அவற்றைத் தமிழ்நாட்டுக்கோ இலங்கைக்கோ அப்படியே பெயர்க்கும்போது இரண்டு வேறுபாடுகளை எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, குந்தி உட்காருதல். குதிகால் எலும்பின் உயரம் குறைந்தால் அதன்மேல் அமர்ந்துள்ள கணு எலும்பு தன் இயல்பான சரிவை இழந்து படுத்துவிடுகிறது. அப்போது பாதத்தை மேல்நோக்கி மடக்குகையில் கணு எலும்பின் கழுத்து கணுக்காலின் முன்விளிம்பில் இடிக்கிறது. நாற்காலியில் அமர்ந்து வாழ்பவருக்கு இந்த இழப்பு பெரிதாகத் தெரியாமல் போகலாம். தரையோடு பதிந்த கழிப்பறையில் குந்த வேண்டியவருக்கும், நாற்று நடுபவருக்கும், களை பறிப்பவருக்கும் அது அன்றாடத் தொல்லை. உயரத்தை மீட்பது அறுவையின் நோக்கங்களில் ஒன்று என்பதால், இங்கே அறுவையின் பயன் மேலைநாட்டு ஆய்வுகள் காட்டுவதைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்று கருத இடமுண்டு. கருதலாம் என்பதற்கு மேல் சொல்லச் சான்று போதாது.

இரண்டாவது, தரையின் சமமின்மை. கணுவடி மூட்டு விறைத்தவர் தளமிட்ட நடைபாதையில் குறையின்றி நடந்துவிடுவார். வரப்பில் நடக்கும்போதுதான் அந்த மூட்டு இல்லாதது தெரியும். மூட்டைக் காக்க முயல்வதற்கு இது ஒரு நியாயம். ஆனால் வெறுங்காலோடு சேற்றில் இறங்குபவருக்கு ஆறாத அறுவைக் காயம் எவ்வளவு கேடு என்பதையும் அதே தராசில் வைக்க வேண்டும். சப்பாத்துக்குள் குதிகால் நுழையாமை மேலைநாட்டு நூல்களில் பெரிய குறையாகப் பேசப்படுகிறது. செருப்பணிபவருக்கு அது சிறு குறையே. ஒரு பக்கம் எடை கூடுகிறது, மறுபக்கம் குறைகிறது; மொத்தத்தில் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகத்தால் சொல்லிவிட முடியாது.

எஞ்சி நிற்பவை

இன்றைய சான்றுகளைக் கொண்டு சில நிலைகளை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். விலகிய முறிவு என்ற ஒரே காரணத்துக்காக அனைவருக்கும் அறுவை செய்வதற்கு ஆதாரமில்லை. புகைப்பழக்கம் விடாதவர், கட்டுப்படாத சர்க்கரை நோயாளி, காலுக்கு இரத்த ஓட்டம் குறைந்தவர் ஆகியோரிடம் பெரிய திறப்பின் ஆபத்து, கிடைக்கக்கூடிய பயனை விஞ்சுகிறது. குதிகால் மிக அகன்று, உயரம் இழந்து, உட்புறம் சாய்ந்துபோன இளைய நோயாளியை, கை படிந்த மருத்துவர் அருகில் இருக்கும்போது அறுவையின்றி விடுவதற்கும் பிரிட்டன் ஆய்வைச் சான்றாகக் காட்ட முடியாது, ஏனெனில் அது அவரை உள்ளே சேர்க்கவே இல்லை. இவர்களுக்கு இடைப்பட்டவர்களிடம், நோயாளி எதற்கு அதிகம் அஞ்சுகிறார் என்பதைக் கேட்டறியாமல் எடுக்கும் முடிவு அரைகுறையானது: ஆறாத காயத்துக்கா, ஆண்டுகள் கழித்து வரக்கூடிய மூட்டு இணைப்புக்கா? மூட்டு இணைப்பு நேர்ந்தாலும், முதலில் வடிவம் திருத்தப்பட்ட குதிகாலில் செய்யப்படுவது, கோணலாகக் கூடியதில் செய்யப்படுவதைவிட நல்ல விளைவு தந்ததாக 2009இல் ஓர் ஆய்வு கூறியது. அது ஒரு சிறப்பு மையத்தின் பழைய பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வு என்பதை மறந்துவிடக் கூடாது.

விவாதத்தின் பழைய கணக்கை மாற்றக்கூடியது, கணுக்காலின் வெளிமுட்டுக்குக் கீழே சில சென்டிமீட்டர் நீளத்துக்கு மட்டும் திறக்கும் புதிய முறை. எல் வடிவத் திறப்போடு ஒப்பிட்ட பல ஆய்வுகளில் காயச் சிக்கல் இதில் குறைந்திருக்கிறது. 2014ஆம் ஆண்டுப் பிரிட்டன் ஆய்வின் தீர்ப்பில் அறுவைக்கு எதிராக நின்ற பெரிய எடை காயச் சிக்கலே என்பதால், அந்த எடை குறைந்தால் தீர்ப்பும் மாறுமா என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. அதற்கு, சிறு திறப்பையும் அறுவையின்மையையும் நேருக்கு நேர் நிறுத்தி, பத்தாண்டு பொறுத்துப் பார்க்கும் ஆய்வு வேண்டும். முற்றிலும் நொறுங்கிய நான்காம் வகையில் தொடக்கத்திலேயே மூட்டை இணைத்துவிடலாமா என்பதும் அப்படியே: 2014இல் கனடாவில் வெளியான சமவாய்ப்பு ஆய்வு வேறுபாடு எதையும் காணவில்லை, ஆனால் அதில் இருந்தவை ஏறத்தாழ முப்பது முறிவுகளே.

அளவுகோல்களின் குறையோ இன்னும் அடிப்படையானது. பிரிட்டன் ஆய்வில் பயன்பட்ட மதிப்பெண் முறை வலி, வேலை, நடை, நடையுதவி ஆகியவற்றைக் கேட்கிறது. கனடிய ஆய்வில் பயன்பட்ட பொது நலப் படிவம் படியேறுவதையும் குனிவதையும் கேட்கிறது. தென்னையிலோ பனையிலோ இருந்து விழுந்த ஒருவர் இரண்டாண்டு கழித்து மீண்டும் மரமேறினாரா, ஏறாவிட்டால் குதிகால் இடங்கொடுக்காததாலா அல்லது மனம் துணியாததாலா என்று கேட்கும் வரி அவற்றில் எதிலும் இல்லை.